கையெழுத்துப் போட மறுத்த டாக்டர்

உங்கள் தளத்தில் எதிர் ஃப்ளாட் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கிறார்கள். நடுவயதைத் தாண்டியவர்கள். வாடகை ஒப்பந்தம், முன்பணம் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் மூவரும் பல வருடங்கள் மனநல மருத்துவமனையில் இருந்துவிட்டு வருகிறார்கள் என்று செக்யூரிட்டி மூலமாகச் செய்தி கசிகிறது. அன்று இரவு நம் வாட்ஸ்அப் குழு எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ட்ரியெஸ்தே என்று ஒரு துறைமுக நகரம். 1970-களில் அங்கே இது கற்பனைக் கேள்வியாக இருக்கவில்லை. ஊருக்கு வெளியே மலைச்சரிவில் இருந்த பெரிய மனநல மருத்துவமனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்து, அங்கிருந்தவர்களில் பலரை ஊருக்குள் சாதாரண அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தினார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் டாக்டர் ஃபிராங்கோ பஸாலியா. மனநல மருத்துவத் துறையில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். நம்மில் பலருக்குப் புதிய பெயராக இருக்கலாம். அடுக்குமாடியில் வாழும் நமக்கு அவர் வாழ்க்கையில் தெரிந்துகொள்ள விஷயம் இருக்கிறது என்று தோன்றியதால், இந்த இதழின் வாழ்க்கை வரலாற்றுப் பக்கத்துக்கு அவரை எடுத்துக்கொண்டேன்.

பஸாலியா 1924 மார்ச் 11 அன்று வெனிஸ் நகரில் பிறந்தார். வசதியான குடும்பம். மருத்துவம் படித்தது பதுவாவில். பதுவை அந்தோணியார் என்று நாம் சொல்கிறோமே, அதே பதுவைதான். முசோலினி ஆட்சியை எதிர்த்த மாணவர்களோடு சேர்ந்ததால் 1944 டிசம்பரில் கைதானார். போர் முடியும் வரை சில மாதங்கள் வெனிஸ் சிறையில் இருந்தார். அங்கே அடித்த நாற்றத்தை அவர் கடைசி வரை மறக்கவில்லை. இந்தச் சிறை வாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறது.

1949-ல் பட்டம் வாங்கி, அதே பல்கலைக்கழகத்தின் மனநலப் பிரிவில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, சார்த்தர், ஹுஸ்ஸர்ல் என்று தத்துவப் புத்தகங்களில் மூழ்கியிருப்பார். அவருடைய பேராசிரியரே அவரைத் தத்துவஞானி என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார். அதில் பாராட்டு பாதி, கிண்டல் பாதி. 1953-ல் ஃபிராங்கா ஒங்காரோவை மணந்தார். பின்னாளில் பஸாலியா எழுதியவற்றில் பெரும்பகுதி இவரோடு சேர்ந்து எழுதியதுதான். பல்கலைக்கழகத்தில் மேலே போக வழி இல்லாததால், 1961-ல் கொரிட்சியா என்ற சிறிய ஊரின் மனநல மருத்துவமனைக்கு இயக்குநராகப் போனார். ஆராய்ச்சியில் பெயர் வாங்கிய ஒருவருக்கு அது பதவி உயர்வு இல்லை, கிட்டத்தட்ட நாடு கடத்தல். ஊரே யூகோஸ்லாவிய எல்லையில் இருந்தது. மருத்துவமனையின் சுற்றுச்சுவரில் ஒரு பகுதிதான் நாட்டின் எல்லை.

உள்ளே 600-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். மொட்டையடித்த தலை, ஒரே மாதிரி சாம்பல் நிற உடை. கட்டிலில் கட்டி வைக்கப்பட்டவர்கள், கம்பிக் கூண்டு போட்ட கட்டிலில் அடைக்கப்பட்டவர்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் இன்னொரு பூட்டிய கதவு. உள்ளே போனதுமே பஸாலியாவுக்கு வெனிஸ் சிறையின் அதே நாற்றம் அடித்தது.

வேலையில் சேர்ந்த அன்று காலை தலைமைச் செவிலியர் ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். முந்தின இரவு யார் யாரைக் கட்டி வைத்தோம் என்ற பட்டியல். இயக்குநர் தினமும் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் வழக்கம். பஸாலியா பார்த்தார், போட மாட்டேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. இத்தாலிய மனநல மருத்துவ வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த நிமிடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

அந்தக் கையெழுத்து எவ்வளவு பெரிய விஷயம் என்பது 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தெரிந்துகொண்டால் புரியும். தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர், அல்லது பொது இடத்தில் அசிங்கம் உண்டாக்குகிறவர் என்றால் அவரை அடைக்கலாம். அடைக்கப்பட்டவருக்குக் குடியுரிமைகள் போய்விடும். குற்றவாளிகளின் பெயர்ப் பதிவேட்டிலேயே அவர் பெயரும் ஏறிவிடும். திருடியவரும் மனச்சிதைவு வந்தவரும் அரசாங்கத்தின் கண்ணில் ஒரே பக்கத்தில். அதனால் உள்ளே இருந்த மருத்துவரும் செவிலியரும் வைத்தியம் பார்த்ததைவிடக் காவல் காத்ததுதான் அதிகம். 1960-களில் இத்தாலி முழுக்க 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி அடைபட்டிருந்தார்கள்.

ஸ்காட்லாந்தில் மேக்ஸ்வெல் ஜோன்ஸ் என்ற மருத்துவர், நோயாளிகளும் ஊழியர்களும் சேர்ந்து முடிவெடுக்கும் முறையில் ஒரு மருத்துவமனையை நடத்திக்கொண்டிருந்தார். அதிலிருந்து எடுத்துக்கொண்டு, பஸாலியாவும் அவர் சேர்த்த இளம் மருத்துவர்களும் ஒவ்வொரு வார்டாகத் திறந்தார்கள். முதல் வார்டு 1962-ல், கடைசி வார்டு 1967-ல். கட்டுவது நின்றது, முடி வளர்ந்தது, சொந்த உடை வந்தது. தினமும் காலையில் பொதுக்கூட்டம் நடக்கும். விருப்பம் உள்ளவர் வரலாம், தலைமை தாங்குவது நோயாளிகளில் ஒருவர். அடுத்த வெளியூர்ப் பயணம் எப்போது, உள்ளே இருக்கும் கேண்டீனை எத்தனை மணி வரை திறந்து வைப்பது என்று விவாதம் போகும். கூச்சல், பாதியில் எழுந்து போவது, சம்பந்தமில்லாத பேச்சு எல்லாம் உண்டு. நம் ஆண்டுப் பொதுக்குழுவில் உட்கார்ந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியாது. நோயாளிகளே நடத்திய மாதப் பத்திரிகை ஒன்றும் இருந்தது. அதன் பெயர் மரங்கொத்தி.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஸாலியா மனநோய் என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொன்னவர், மருந்தை எதிர்த்தவர் என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டும் சரியில்லை. 1950-களில் வந்த புதிய மருந்துகளை அவர் பயன்படுத்தினார். மருந்து இருந்ததால்தான் பல கதவுகளைத் திறக்க முடிந்தது. அவர் கேட்டது வேறு. இருபது வருடம் அடைத்து வைக்கப்பட்ட ஒருவர் மூலையில் சுருண்டு கிடக்கிறார் என்றால், அதில் நோய் எவ்வளவு, இருபது வருட அடைப்பு எவ்வளவு? முதலில் அடைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால்தானே நோய் எது என்று தெரியும்.

1968-ல் கொரிட்சியா அனுபவத்தைப் புத்தகமாக்கினார்கள். விற்பனை கொடிகட்டிப் பறந்தது. 1969 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஆவணப்படம் வந்தது. நோயாளிகள் கேமராவைப் பார்த்துப் பேசுவதை இத்தாலியர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். இந்தப் புகழுக்கு நடுவில்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

1968 செப்டம்பரில், ஒருநாள் விடுப்பில் வீட்டுக்குப் போன ஒரு நோயாளி தன் மனைவியைக் கோடாலியால் கொன்றுவிட்டார்.

இதை நான் விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். ஆனால் மேலே சொன்ன எதிர் ஃப்ளாட் விஷயத்தில் உங்கள் மனதில் முதலில் வருவது இதுதான் என்பதால் விட முடியவில்லை. பஸாலியா மீது வழக்கு வந்தது. பிறகு விடுவிக்கப்பட்டார். 1972-ல் ட்ரியெஸ்தேயிலும் வெளியே விடப்பட்டிருந்த ஒருவர் தன் பெற்றோரைக் கொன்றார். அந்த வழக்கிலும் பஸாலியா விடுவிக்கப்பட்டார். கடுமையான மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, அவர்கள் தாக்கப்படுவதுதான் அதிகம் என்பது இன்று நன்றாகத் தெரிந்த உண்மை. அது செத்துப்போன அந்தப் பெண்ணைத் திரும்பக் கொண்டுவராது என்பதும் உண்மை. விடுப்பில் வீட்டுக்குப் போனவருக்கு அங்கே என்ன காத்திருந்தது, அந்த வீட்டுக்கு யார் துணை இருந்தார்கள் என்று கேட்டால், மருத்துவமனை வாசலுக்கு வெளியே அன்றைக்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் பதில். கதவைத் திறந்தார்கள், வெளியே எதையும் கட்டவில்லை. கட்டவும் விடவில்லை. ஊருக்குள் மனநல மையங்கள் வேண்டும் என்று கேட்டபோது கொரிட்சியா மாகாண நிர்வாகம் மறுத்தது. அந்த மறுப்பினால்தான் பஸாலியா போன பிறகும் அங்கே இருந்த மருத்துவர்கள் 1972-ல் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தார்கள்.

பஸாலியா சில மாதம் நியூயார்க்கில் இருந்து அங்குள்ள மனநல மையங்களைப் பார்த்தார். பிறகு பார்மாவுக்கு அருகில் ஒரு மருத்துவமனை. 1971 ஆகஸ்டில் ட்ரியெஸ்தேவின் சான் ஜொவான்னி மருத்துவமனைக்கு இயக்குநரானார். கூப்பிட்டவர் மாகாண நிர்வாகத் தலைவர் மிக்கேலே சனெத்தி. இளம் வழக்கறிஞர், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர். பஸாலியாவோ இடதுசாரி. இரண்டு பேருக்கும் அரசியலில் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை, வேலையில் ஒத்துப்போனார்கள்.

சான் ஜொவான்னியில் ஏறக்குறைய 1,200 நோயாளிகள். இந்த முறை மருத்துவமனையை நல்ல மருத்துவமனையாக மாற்றுவது நோக்கம் இல்லை, மூடுவதுதான் நோக்கம். வார்டுகளை நோயின் வகைப்படி பிரிக்காமல் நகரத்தின் பகுதிப்படி பிரித்தார்கள். இந்தக் குழுவுக்கு இந்தப் பேட்டை, அங்கிருந்து வந்தவர்கள், திரும்பப் போக வேண்டியவர்கள், எல்லாரும் அவர்கள் பொறுப்பு. நோயாளியாக இருக்கத் தேவையில்லை, ஆனால் போக இடமில்லை என்பவர்களுக்கு விருந்தினர் என்று ஒரு புதிய நிலை கொடுத்தார்கள். அதே கட்டடத்தில் தூங்கலாம், ஆனால் அவரைப் பூட்டி வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

இந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் எல்லாரும் நீலக் குதிரையைத்தான் சொல்வார்கள். மார்க்கோ என்ற நிஜக் குதிரை ஒன்று பல வருடமாக அழுக்குத் துணி வண்டியை இழுத்துவந்தது. வயதானதும் அதைக் கசாப்புக்கு விற்று, மோட்டார் வண்டி வாங்கலாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. நோயாளிகள் 1972-ல் மாகாணத் தலைவருக்கு மனு எழுதி அதன் உயிரைக் காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டு, காலியான ஒரு வார்டில் கலைஞர்களும் நோயாளிகளும் சேர்ந்து மரத்திலும் காகிதக்கூழிலும் மிகப் பெரிய நீலக் குதிரை செய்தார்கள். அதன் வயிற்றில் நோயாளிகளின் ஆசைகளை எழுதிப் போட்டார்கள். ஊருக்குள் ஊர்வலம் கொண்டுபோகலாம் என்றால் குதிரை வாசலைவிட உயரம். வாசலை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். உடைத்தவர்களில் இயக்குநரும் ஒருவர். 1975-ல் சுமார் நூறு பேரை விமானத்தில் ஏற்றி வானத்தைச் சுற்றிக் காட்டியதும் உண்டு. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆர்னெட் கோல்மன் வந்து மருத்துவமனை வளாகத்தில் வாசித்ததும் உண்டு.

இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் குதிரையைவிடப் பெரிய விஷயம் துடைப்பம். நோயாளிகள் வருடக்கணக்காகத் தரை கூட்டினார்கள், துணி துவைத்தார்கள், தோட்ட வேலை செய்தார்கள். அதற்குத் தொழில் சிகிச்சை என்று பெயர், கூலி சில சிகரெட்டுகள். 1972 கடைசியில் அவர்களில் அறுபது பேர் வரை சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அதே தரையை அதே ஆட்கள்தான் கூட்டினார்கள். ஆனால் இப்போது ஒப்பந்தம், தொழிற்சங்கம் நிர்ணயித்த சம்பளம். சம்பளம் வந்தால் வாடகை கட்டலாம். வாடகை கட்ட முடிந்தால்தான் வீட்டுச் சாவி கைக்கு வரும். இந்த மாதிரிச் சங்கங்கள் இத்தாலி முழுக்கப் பெருகி, 1991-ல் அவற்றுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அந்த வகைச் சங்கத்தின் வேலையாட்களில் குறைந்தது 30 சதவீதம் பேர் வேலைச் சந்தையில் ஒதுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

வெளியே வந்தவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வீடுகளில் தங்கினார்கள். அக்கம்பக்கத்தார் முணுமுணுத்தார்கள், உள்ளூரில் எதிர்ப்பு இருந்தது. இங்கேதான் கொரிட்சியாவுக்கும் ட்ரியெஸ்தேவுக்கும் உள்ள வித்தியாசம். 1975 முதல் நகரத்தின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மனநல மையம் திறந்தார்கள். சாதாரண வீடு மாதிரிக் கட்டடம், காலப்போக்கில் 24 மணி நேரமும் திறந்திருக்கும்படி ஆயிற்று, உள்ளே ஏழெட்டுப் படுக்கைகளுக்கு மேல் கிடையாது. முன்பு சாவிக்கொத்தோடு வார்டு வாசலில் நின்ற செவிலியர்கள் இப்போது வீடு வீடாகப் போனார்கள். மருந்து சாப்பிட்டாரா என்று பார்ப்பது ஒரு வேலை. வாடகை பாக்கியா, வீட்டுக்காரரோடு தகராறா, கேஸ் இணைப்பு வாங்கத் தெரியவில்லையா, அதுவும் அவர்கள் வேலைதான். காதில் குரல் கேட்கிறது, தூக்கம் போய்விட்டது என்றால் அவர் பத்து நிமிட தூரத்தில் இருக்கும் மையத்துக்கு வந்து இரண்டு மூன்று இரவு தங்கலாம். பார்த்துக்கொள்கிறவர் வழக்கமாக வீட்டுக்கு வரும் அதே செவிலியர். வீடும் போகாது, வேலையும் போகாது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயமாக இருந்தால் அவருக்கும் கூப்பிட ஓர் இடம் இருந்தது. போலீசைத்தான் கூப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் ட்ரியெஸ்தேவை ஒரு முன்னோடிப் பகுதியாக எடுத்துக்கொண்டது. 1977 ஜனவரியில், இந்த வருடத்துக்குள் சான் ஜொவான்னியை மூடிவிடுவோம் என்று பஸாலியா பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அறிவித்தார். அதிகாரபூர்வமாக மூடியது 1980-ல்.

1978-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்த விதம் விசித்திரமானது. 1904 சட்டத்தை ரத்து செய்ய வேண்டும் என்று ஒரு சிறு கட்சி கையெழுத்து திரட்டி, ஜூன் 11-ல் பொதுவாக்கெடுப்புக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. பழைய சட்டம் போய்ப் புதியது இல்லாமல் போனால் குழப்பமாகிவிடும் என்று நாடாளுமன்றம் அவசரமாக வேலையில் இறங்கியது. அந்த மே மாதத்தில் இத்தாலியின் கவனமோ வேறெங்கோ இருந்தது. கடத்தப்பட்ட முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவின் சடலம் மே 9-ல் கிடைத்தது. நான்கு நாள் கழித்து, மே 13-ல், 180-ஆம் எண் சட்டம் நிறைவேறியது. வரைந்தவர் புரூனோ ஒர்சினி என்ற எம்.பி., அவரும் மனநல மருத்துவர்தான். ஆனாலும் ஊர் அதை பஸாலியா சட்டம் என்றே அழைக்கிறது.

இனிப் புதிய மனநலக் காப்பகம் கட்டக்கூடாது, இருப்பவற்றில் புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது. கட்டாய சிகிச்சை தேவைப்பட்டால் இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும், மேயர் உத்தரவு போட வேண்டும், 48 மணி நேரத்துக்குள் நீதிபதிக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவும் ஏழு நாளைக்குத்தான், வேண்டுமானால் புதுப்பிக்கலாம். இடம் பொது மருத்துவமனையில் 15 படுக்கைக்கு மேற்படாத ஒரு வார்டு. ஒருவரை அடைக்கலாமா என்ற கேள்வியிலிருந்து ஆபத்தானவர் என்ற சொல்லே நீங்கிவிட்டது. சிகிச்சை தேவையா என்பது மட்டும் மிஞ்சியது.

வெற்றி என்று பஸாலியா குதிக்கவில்லை. சட்டம் வந்ததால் எல்லாம் முடிந்துவிட்டதாக மகிழ வேண்டாம் என்று உடனேயே எச்சரித்தார். எச்சரிக்கை பலித்தது. சட்டத்தோடு பணம் வரவில்லை. வடக்கே சில ஊர்களில் மையங்கள் நன்றாக நடந்தன, பல ஊர்களில், முக்கியமாகத் தெற்கில், ஒன்றுமே திறக்கவில்லை. மருத்துவமனை சேர்த்துக்கொள்ளாது, மையமும் கிடையாது என்றால் சுமை எங்கே விழும் என்று உங்களுக்குத் தெரியும். வயதான அம்மா, கல்யாணமாகாத அக்கா. அந்தக் குடும்பங்கள் சங்கம் அமைத்துச் சட்டத்தைத் திட்டின. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. நாடு தழுவிய முதல் செயல்திட்டம் வர 1994 ஆயிற்று. பழைய காப்பகங்களில் கடைசியானவை 1990-களின் இறுதியில்தான் மூடப்பட்டன. குற்றம் செய்த மனநோயாளிகளுக்கான சிறை மருத்துவமனைகளைச் சட்டம் தொடவே இல்லை. அவை மூடப்பட 2015-க்கும் மேல் ஆனது.

இதில் எதையும் பஸாலியா பார்க்கவில்லை. 1979 நவம்பரில் ரோம் இருக்கும் லாட்சியோ பிராந்தியத்தின் மனநலச் சேவைகளைச் சீரமைக்கப் போனார். அடுத்த வசந்தத்தில் மூளையில் கட்டி என்று தெரிந்தது. 1980 ஆகஸ்ட் 29 அன்று வெனிஸில் தன் வீட்டில் காலமானார். வயது 56.

மிச்ச வேலையை ஃபிராங்கா எடுத்துக்கொண்டார். 1983 முதல் 1992 வரை செனட் உறுப்பினராக இருந்து, 180-ஆம் சட்டத்தை நடைமுறைப்படுத்த என்ன வேண்டும், எத்தனை மையம், எவ்வளவு பணம் என்று மசோதா எழுதிக்கொண்டே இருந்தார். 1994 திட்டத்தில் அவர் எழுதியவற்றின் சாயல் உண்டு. கணவரின் பெயர் சட்டத்துக்கு வந்தது, இவர் பெயர் பல புத்தகங்களில் இரண்டாவதாக அச்சானது. 2005-ல் மறைந்தார்.

சான் ஜொவான்னி இன்று ஒரு பூங்கா. பழைய வார்டுகளில் பல்கலைக்கழகத் துறைகளும், மருத்துவ அலுவலகங்களும், ஒரு வானொலி நிலையமும் இருக்கின்றன. சரிவு முழுக்க ஆயிரக்கணக்கான ரோஜாச் செடிகள். நடுவில் ஒரு சிற்றுண்டிக்கடை, ஸ்ட்ராபெரித் தோட்டம் என்ற பொருள் தரும் பெயரோடு. அதை நடத்தியவர்களும் அந்தக் கூட்டுறவு வழியில் வந்தவர்கள்தான். மாலையில் ட்ரியெஸ்தேக்காரர்கள் குழந்தைகளோடு நடக்க வருகிறார்கள். நீலக் குதிரையின் நகல் ஒன்று சக்கரம் பூட்டி இன்னமும் இத்தாலியின் வேறு ஊர்களுக்குப் போய் வருகிறது.